பெயர் தெரியாத ரோடு

எழுமலையில் ஒரு நிச்சயதார்த்தம் முடித்துவிட்டு நானும் என் கணவரும் பைக்கில் கோச்சடைக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். காலை பதினோரு மணி இருக்கும். வெயில் உச்சிக்கு வருவதற்குள் முடிந்தவரை போய்விடலாம் என்று மெயின் ரோட்டை விட்டு ஒரு குறுக்கு ரோட்டில் திருப்பினார். கொஞ்ச தூரத்தில் வண்டியை ஓரங்கட்டினார்.

"நெஞ்சு அடைக்கிற மாதிரி இருக்கு" என்றவர் அப்படியே அங்கிருந்த ஒரு சிறு பாலத்தின் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். சட்டையெல்லாம் வேர்வை.

ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன். எடுத்த பெண் நிதானமாகத்தான் கேட்டாள்.

"எந்த ஊர்ல இருக்கீங்கம்மா?"

"எழுமலையில இருந்து உசிலம்பட்டி போற வழி. குறுக்கு ரோடு. பேரு தெரியல."

"பக்கத்துல கோயில், ஸ்கூல் ஏதாவது இருக்கா?"

"சுத்திலும் காடுதாம்மா இருக்கு."

நான் இருக்கும் இடம் அவர்களுக்குத் தெரிய ஒரு லிங்க் அனுப்புவதாகவும், அதைத் தொட்டால் போதும் என்றும் சொன்னாள். மெசேஜ் வந்தது. தொட்டேன். நெட் கிடைக்காமல் அது சுற்றிக்கொண்டே இருந்தது. போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ரோட்டில் முன்னும் பின்னும் ஓடினேன்.

"பதறாத. வந்துருவாங்க" என்றார் அவர். அவர் பேசி நான் கேட்டது அதுதான் கடைசி.

டிரைவர் இரண்டு முறை கூப்பிட்டார். இரண்டு முறையும் என்னால் வழி சொல்ல முடியவில்லை. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மா என் அழுகையைக் கேட்டு ஓடிவந்து, என் கையிலிருந்து போனை வாங்கினார்.

"அண்ணே, ரைஸ்மில்லு முக்குல கெழக்க திரும்புங்க. நேரா வாங்க."

ஐந்து நிமிடத்தில் வண்டி வந்துவிட்டது. நான் போன் செய்து அதற்குள் முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது.

ஆஸ்பத்திரியில் உயிர் இல்லை என்று சொன்னார்கள். இன்னும் சீக்கிரம் வந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று நான் கேட்கவில்லை. வாசலில் நின்ற டிரைவர் என்னைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டார். "அந்த முக்கை ரெண்டு தடவை தாண்டிப் போனேம்மா. இம்புட்டுப் பக்கத்துல இருந்திருக்கீங்க."

காரியமெல்லாம் முடிந்தபின் அந்த ரோட்டுக்குப் பெயர்ப்பலகை வேண்டும் என்று கலெக்டர் ஆபீஸில் மனுக் கொடுத்தேன். "அந்த ரோட்டுக்குப் பேரே இல்லையேம்மா" என்றார் ஒருவர். மூன்றாவது மனுவுக்குப் பிறகு ஒரு பெயர் வைத்துப் பலகை நட்டார்கள். சிறு பாலங்களுக்கெல்லாம் எண் எழுதினார்கள்.

மகளோடு பார்க்கப் போனேன். வரிசையாக நான்கு பாலங்கள், எல்லாம் ஒன்றுபோலவே இருந்தன.

"அப்பா எங்கம்மா உக்காந்திருந்தாரு?" என்று கேட்டாள்.

ஒவ்வொன்றிலும் இறங்கிப் பார்த்தேன். எனக்குத் தெரியவில்லை.