ஒரு ஆளுக்கு ஒரு குவார்ட்டர்ஸ்

ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம் என்று பலகை மாட்டிவிட்டால் போதும், யாருக்கு என்ன சந்தேகம் வந்தாலும் நம்மை வக்கீலாக்கிவிடுவார்கள். நெய்வேலி மெயின் பஜாரில் அப்படியொரு கடையை வைத்துக்கொண்டு அவதிப்படுகிறேன். இதே தொழிலில் இருக்கும் சக பாவிகள் எனக்காக ஒரு பெருமூச்சு விடலாம். முக்கியமாக ரத்தினவேல் சார் விஷயத்தில்.

பழைய வீட்டில் மச்சான்

ரத்தினவேல் சார் மைன்ஸில், அதாவது எங்கள் ஊர் நிலக்கரிச் சுரங்கத்தில், ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரே மகன் சரவணன் கனடாவில் இருக்கிறான். அந்த நாட்டுக் குடியுரிமைக்கு உறுதிமொழி எடுக்கத் தேதி வந்துவிட்டது. சாருக்குக் காடாம்புலியூரில் ஒரு முந்திரித் தோப்பு. பையன் இந்தியனாக இல்லாமல் போனால் தோப்பு அவனுக்குக் கிடைக்காமல் போய்விடுமோ என்று அவருக்குத் தூக்கம் போய்விட்டது. இரண்டு குடியுரிமையையும் வைத்துக்கொள்ள வழி கேட்டு வந்தார்.

கனடா ஒன்றும் சொல்லாது, நம் சட்டம்தான் விடாது. அங்கே வாங்கினால் இங்கே போய்விடும் என்றேன். வாய் சும்மா இருக்காமல், கம்பெனி வீடு ஒரு ஆளுக்கு ஒரு குவார்ட்டர்ஸ்தானே சார், அந்த மாதிரி என்றும் சொல்லித் தொலைத்தேன். அவர் முகம் மலர்ந்தது.

"பெரிய குவார்ட்டர்ஸுக்கு மாறினப்போ பழைய வூட்டுல மச்சானைக் குடிவெச்சிக்கினு ஆறு மாசம் ஓட்டினேம்மா. அந்த மாரி எதுனா இருந்தா பாருங்க."

கேட்காத பேப்பர்

உறுதிமொழிக்குப் பிறகு இந்திய பாஸ்போர்ட்டை அங்குள்ள நம் தூதரகத்தில் ஒப்படைக்க வேண்டும் என்றும் சொல்லியிருந்தேன். எங்கள் டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸை ஒப்படைப்பது என்றால் சாவியை நீட்டிவிட்டு வருவதல்ல. கரண்ட், தண்ணீர் என்று ஒவ்வொரு ஆபீசாக ஏறிப் பாக்கி இல்லை என்று கையெழுத்து வாங்க வேண்டும். சார் சும்மா இருப்பாரா? சரவணன் பள்ளியில் படித்தபோது எடுத்துத் திருப்பாத புத்தகத்தைப் பரணில் தேடிப் பிடித்து, நூலகத்தில் கொடுத்து, 'நோ டியூஸ்' எழுதி வாங்கிவந்துவிட்டார். அதை ஸ்கேன் செய்து தூதரகத்துக்கு அனுப்ப வேண்டுமாம்.

இதை யாருமே கேட்கவில்லை சார் என்று கெஞ்சினேன்.

"மைன்ஸ்ல இருந்தவன்மா நான். கேக்காத பேப்பரைத்தான் கடைசில கேப்பாங்க."

தோப்புக்கு ஒரு வேலை

அடுத்து அவர் மனைவி தனலட்சுமி அம்மா வந்தார். வெளிநாட்டுக் குடிமகனாகிவிட்டாலும் ஓ.சி.ஐ. அட்டை என்று ஒன்று வாங்கிக்கொண்டால் சரவணன் விசா இல்லாமல் எப்போது வேண்டுமானாலும் வரலாம், இருக்கலாம். ஓட்டுப் போட முடியாது, அரசாங்க வேலை கிடையாது என்று விளக்கினேன். ஓட்டுப் போனதைப் பற்றி அவர் கவலைப்படவில்லை. நாளைக்கே தோப்பைச் சுரங்கத்துக்கு எடுத்தால், நிலம் கொடுத்த வீட்டுக்குத் தருகிற வேலை பையனுக்கு வருமா என்று கேட்டார். டொரன்டோவில் கம்ப்யூட்டர் என்ஜினியராக இருக்கும் பையனுக்கு! என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"கேட்டு வெச்சிக்கிறது தப்பாங்க? இன்னிக்கு கனடா இருக்குது. நாளைக்கு எப்பிடியோ."

இரண்டு தேதிகள்

உறுதிமொழிக்கு முந்தின நாள் சார் மறுபடி வந்தார். வழக்கமாக வந்ததும் நம்மூர் வெயிலையும் டொரன்டோ பனியையும் சேர்த்தே சொல்பவர், அன்று தோப்பு என்னாகும் என்று மட்டும் கேட்டார். எனக்குப் பாவமாகப் போய்விட்டது. தெரிந்த வக்கீலுக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். விவசாய நிலத்தை ஓ.சி.ஐ.காரர் விலைக்கு வாங்க முடியாது, அப்பா உயிரோடு இருக்கும்போது தானமாக எழுதிக் கொடுக்கவும் முடியாது; அவர் காலத்துக்குப் பிறகு வாரிசாக வந்தால் ஒரு தடையும் இல்லை என்றார் வக்கீல்.

சார் தன் போனில் மகனை அழைத்து, அதை ஒரு வார்த்தை விடாமல் ஒப்பித்தார். சரவணன் பதறிவிட்டான். அப்படிப்பட்ட பேச்சே வேண்டாம், நாளைக்கு நான் போகவில்லை, தள்ளிவைக்கிறேன் என்றான். சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, திரும்ப மாட்டிக்கொண்டார்.

"நீ உன் தேதிக்குப் போய்ட்டு வாடா. என் தேதி வர்றப்போ வரட்டும்."

இரட்டைக் குடியுரிமைக்கு நம் சட்டத்தில் இடமே இல்லை என்று தினமும் சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை வறண்டதுதான் மிச்சம், இந்த அப்பாக்கள் யாரையும் கேட்காமல் மனசுக்குள் அதை வைத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.