ஒரு நம்பர், இரண்டு மெக்கானிக்

அன்றைக்கு அந்தச் சமையலறையில் இருந்தவர்கள்: வீட்டுக்காரப் பெண் மும்தாஜ். அவர் மாமியார், நாற்காலியில். மும்தாஜின் கணவர் ஜாபர், தோஹாவிலிருந்து வீடியோ காலில். ஃபோனை மிக்ஸி மேல் சாய்த்து வைத்திருந்தார்கள். என் கணவர் தனபால். நான். நடுவில் ஃபிரிட்ஜ். டபுள் டோர், ஃப்ராஸ்ட் ஃப்ரீ. மேலே ஐஸ் கட்டுகிறது, கீழே கூலிங் இல்லை.

இடம் மங்கலம்பேட்டை. நாங்கள் விருத்தாசலத்திலிருந்து ஒரே எக்ஸெல் வண்டியில் வந்திருந்தோம். வழியில் பேசவில்லை. ஏன் பேசவில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

1. நம்பர்

நான் எட்டாவது வரை படித்தேன். பிறகு ஊரில் ஒரு செராமிக் கம்பெனியில் வேலை. பீங்கான் ஃபியூஸ் கேரியருக்குப் பிசிறு எடுப்பது. கல்யாணத்துக்குப் பிறகு ஃபிரிட்ஜ் மெக்கானிக்கான தனபாலுக்கு டார்ச் பிடித்தேன். டார்ச் பிடிக்கிறவர் கண்ணிலும் வேலை படும். ரிலே, ஓவர்லோட், கெபாசிட்டர் எல்லாம் அப்படித் தெரிந்ததுதான்.

அவர் குவைத்துக்கு ஏசி வேலைக்குப் போனார். கஸ்டமர் ஃபோன் என்னிடம் இருந்தது. "அவரு இல்லீங்க" என்று சொல்லிச் சொல்லி அலுத்து, ஒரு நாள் "நான் வரேங்க" என்று சொன்னேன். தெரியாததை வீடியோ காலில் அவரிடமே கேட்டேன். அவரும் சொன்னார்.

மங்கலம்பேட்டையில்தான் எனக்கு வேலை அதிகம். பல வீட்டில் ஆண்கள் வெளிநாட்டில் இருக்கிறார்கள். பகலில் ஒரு மெக்கானிக் வருகிறார் என்றால் பெண்கள் துணைக்கு ஆள் கூப்பிட வேண்டும். நான் போனால் அந்தத் தொல்லை இல்லை. ஃபிரிட்ஜ் அக்கா என்று பெயர் ஆனது. எனக்குக் கடை இல்லை, போர்டு இல்லை. அந்த நம்பர்தான் கடை.

எட்டு வருடம் கழித்து அவர் ஊரோடு வந்துவிட்டார். தனக்கென்று நம்பர் வாங்கவில்லை. "வூட்டுக்கு ஒரு நம்பர் போதும்" என்றார். என் ஃபோனிலிருந்து நெட் போட்டுக்கொண்டார்.

முதலில் எரிந்தது எனக்குத்தான். ஸ்பேர்ஸ் கடையில் நான் எட்டு வருடம் நின்றுகொண்டு வாங்கியிருக்கிறேன். இவர் முதல் நாள் உள்ளே போனதும் கடைக்காரர் ஸ்டூலை இழுத்துப் போட்டார். "வாங்க தனபாலு, உக்காருங்க. எப்ப வந்தீங்க?" என்றார். டீயும் சொன்னார். நான் பக்கத்தில் பையோடு நின்றேன்.

பிறகு அவருக்கு எரிந்தது. ஃபோன் வந்தால் அவரே எடுப்பார்.

"அக்கா இல்லீங்களா?"

"நான் மெக்கானிக்குதான் பேசறேன். சொல்லுங்க."

"சரிங்க. அக்கா எப்ப வருவாங்க?"

ஃபோனை என் மடியில் போட்டுவிட்டுப் போவார்.

"நான் கத்துக்குடுத்த வேலை. என்னையே ஓரங்கட்டுற" என்று ஒரு நாள் கேட்டார்.

"நானா சொல்றேன்? அவங்கதான் கேக்கறாங்க."

"கேப்பாங்க. டீயக் குடிச்சிட்டு மாமியார் மருமவ கதையெல்லாம் கேட்டுட்டு வந்தா ஏன் கேக்க மாட்டாங்க?"

மும்தாஜ் வீட்டுக்கு அவர் இரண்டு தடவை போனார். முதல் தடவை கதவு ரப்பர் மாற்றினார். இரண்டாவது தடவை ஐஸை உருக்கிவிட்டு வந்தார். நோன்பு திறக்கிற நேரம் நெருங்கியதால் பேக் பேனல் கழற்றவில்லை. ஒரு வாரம் ஓடியது, நோன்பும் முடிந்தது. மறுபடியும் கீழே சூடு.

மும்தாஜ் ஃபோன் செய்தார். ஸ்பீக்கரில் இருந்தது. "அக்கா, அண்ணன் ரெண்டு தடவ வந்துட்டாங்க. தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க ஒரு தடவ வந்து பாருங்க."

அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கை தட்டிலேயே நின்றது.

"நானும் வரேன்" என்றார். "இத நான் ரெடி பண்ணிட்டேன்னா அந்த சிம்மு என் ஃபோனுக்கு வந்துடணும். நீ வூட்டப் பாத்துக்க."

"நான் ரெடி பண்ணிட்டா?"

தட்டை எடுத்துக்கொண்டு கை கழுவப் போனார்.

2. கால்

மாமியார்தான் முதலில் வாயைத் திறந்தார். "என்னா தனபாலு, பொண்டாட்டிய தொணைக்கு இட்டாந்தியா?"

"அவதாம்மா என்னை இட்டாந்தா."

மிக்ஸி மேலிருந்து ஜாபர் பேசினார். "தனபால் அண்ணே, ஊருக்கு வந்துட்டீங்களா? சொல்லவே இல்லியே. எங்க வூட்டுல எப்பவும் அக்கா பேருதான் அடிபடும்."

இவர் முகம் சுருங்கியது. எனக்குச் சந்தோஷம். அதை மறைக்க டார்ச்சைத் தேடினேன்.

அவர் பையைப் பிரித்து ஃப்ரீசரைத் திறந்தார். நான் கீழ்க் கதவைப் பாதி திறந்து விட்டேன். கதவு தானாக மூடிக்கொள்ள வேண்டும். இது வெளிப்பக்கம் வந்தது. மூடிப் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் ரப்பர் ஒரு மூலையில் விட்டது. புது ரப்பர். அதில் குறை இல்லை.

குனிந்து அடியில் டார்ச் அடித்தேன். நான்கு காலுக்கும் கீழே பீங்கான் துண்டு. எங்கள் பக்கத்தில் இது எல்லா வீட்டிலும் உண்டு. கம்பெனியில் கழித்த துண்டுகளை வாங்கி வந்து கட்டில், பீரோ, கேஸ் ஸ்டாண்ட் எல்லாவற்றுக்கும் முட்டுக் கொடுப்பார்கள். வீடு கழுவினால் தண்ணீர் ஏறாது. பார்த்துப் பழகியதால் யார் கண்ணிலும் படாது.

"இத எப்ப வெச்சீங்க மும்தாஜ்?"

"நோன்புக்கு முன்னாடி வூடு கழுவுனோமேக்கா, அப்பதான். மாமி வாங்கியாந்தாங்க."

"சும்மாதான் குடுத்தான்" என்றார் மாமியார். "நாலும் ஒரே அச்சு."

"அச்சு ஒண்ணுதாம்மா. வெந்தது வேற வேற."

சூளையில் அதிகச் சூடு பட்ட துண்டு அதிகமாகச் சுருங்கும். முன்னால் இருந்த இரண்டும் அந்த மாதிரி, நிறமும் கொஞ்சம் பழுப்பு. பின்னால் இருந்தவை உயரம். வித்தியாசம் சிறுவிரல் நகத்தின் அளவுதான். ஃபிரிட்ஜ் முன்னால் சாய்ந்து நிற்க அது போதும்.

"முன்னாடி சாஞ்சிருக்குது" என்று தனபாலிடம் சொன்னேன்.

அவர் நம்பவில்லை. தானே கதவைத் திறந்து கையை எடுத்தார். அது வந்து அவர் முட்டியில் இடித்தது.

"என்னா அண்ணே, என்னா கோளாறு?" என்று ஜாபர் கேட்டார்.

"கால்ல."

"யார் கால்ல?"

மும்தாஜ் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

இரண்டு பேரும் தூக்கித் துண்டுகளை எடுத்தோம். முன் கால் ஸ்க்ரூவைத் திருப்பி ஃபிரிட்ஜைக் கொஞ்சம் பின்னால் சாய்த்தேன். கதவு தானாக மூடியது. நம்பர் என்னுடையது என்று நினைத்தேன்.

"முடிஞ்சுது. ஐஸ உருக்கிட்டா போதும்" என்று பையை மூடினேன்.

"இரு" என்றார். "கதவு வழியா காத்து போச்சு, ஐஸு கட்டுச்சு. சரி. கட்டுன ஐஸ உள்ள இருக்குற ஹீட்டரு கொஞ்சமாவது உருக்கணுமில்ல. ஏன் உருக்கல?"

மூடிய பையை நான் மறுபடியும் திறந்தேன்.

அவர் ஃப்ரீசரின் பேக் பேனலைக் கழற்றினார். கூலிங் காயிலைச் சுற்றி முழுக்க ஐஸ். உருக்கிவிட்டு மீட்டர் வைத்தார். ஹீட்டர் நன்றாக இருந்தது. அதற்குக் கரண்ட் விடும் தெர்மல் ஃபியூஸ் போயிருந்தது. பையிலிருந்து வேறு எடுத்து மாற்றினார். கை அவ்வளவு சுத்தம். ஒரு ஒயர்கூடத் தொங்கவில்லை. எட்டு வருடம் செய்தும் எனக்கு அந்தக் கை வரவில்லை. அவர் சொன்னது சரி. சரியாக இருந்ததுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

"அப்ப யாருதான் ரெடி பண்ணது?" என்றார் மாமியார்.

அவர் மீட்டர் ஒயரைச் சுற்றினார், நான் டார்ச்சைப் பையில் போட்டேன். மும்தாஜ் டீ கொடுத்தார்.

ஜாபர் விடவில்லை. "அண்ணே, பஜார்ல மச்சான் கடை ஏசி ஓடாம கெடக்குது. நீங்க குவைத்துல ஏசிதான பாத்தீங்க? உங்க நம்பர் சொல்லுங்க, அவனுக்குக் குடுக்குறேன்."

தனபால் வாயைத் திறந்தார். மூடினார். பிறகு என் நம்பரைச் சொன்னார்.

"அண்ணே, இது அக்கா நம்பராச்சே."

மாமியார் சிரித்த சிரிப்பில் டீ சிந்தியது.

திரும்பும்போது பஜாரில் ஒரு ஃபோன் கடை முன் அவர் வண்டியை நிறுத்தினார். என்னை இறங்கச் சொல்லவில்லை. புது சிம்மோடு வந்தார்.

"உன் நம்பர நீயே வெச்சுக்க" என்றார். "எடுத்தா எல்லாம் அக்கா இல்லீங்களாங்குறானுங்க. எனக்கு எதுக்கு அந்தக் கருமம்."

3. பிறகு

இந்த வேலைக்கு வருகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். ஐஸ் கட்டும் ஃபிரிட்ஜில் முதலில் காலைப் பாருங்கள். பிறகு கதவு, பிறகு ரப்பர். அதில் கோளாறு கிடைத்தாலும் அதோடு பையை மூடாதீர்கள். ஹீட்டரும் ஃபியூஸும் பார்த்த பிறகு மூடுங்கள். ஒரு கோளாறு இருந்தால் இன்னொன்று இருக்கக் கூடாது என்று சட்டம் இல்லை.

ஒரே வீட்டில் இரண்டு மெக்கானிக் இருந்தால் இரண்டு நம்பர் வாங்கிவிடுங்கள்.

வாங்கினால் நிம்மதி என்று சொல்ல மாட்டேன். மச்சான் கடையிலிருந்து பக்கத்துக் கடை, அங்கிருந்து வேப்பூர் ஓட்டல் என்று அவருக்கு ஏசி வேலை வந்துகொண்டிருக்கிறது. அவர் ஃபோன் அடித்தால் நான் அடுப்பைக் குறைத்துவிட்டுக் கேட்கிறேன். என் ஃபோன் அடித்தால் அவர் டிவியைக் குறைக்கிறார். யாருக்கு எத்தனை வேலை வந்தது என்று இரண்டு பேருக்கும் தெரியும். பேசிக்கொள்வதில்லை.

இந்த மாதம் இதுவரை அவருக்கு இருபத்திரண்டு. எனக்கு இருபத்தொன்று.