பேர்ச் மரத்தில் கற்பூரம்

பிரசாந்தினியின் வேலை மரங்களின் மூச்சைப் பிடிப்பது. இதைச் சொன்னால் அவள் குடியிருக்கும் மனோர் பார்க்கில் யாரும் நம்புவதில்லை. எப்பிங் காட்டில் ஒரு கிளையை இலைகளோடு ஒளி ஊடுருவும் பைக்குள் விட்டுக் கட்டுவாள். பைக்குள் இருக்கும் காற்றைக் குழாயில் இழுத்துப் பல்கலைக்கழக ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோவாள். ஓக் மரம் ஒருவகை வாயுவை விடும், வெள்ளைப் பட்டை பேர்ச் மரம் வேறொரு வகையை. இவை வெயிலில் வாகனப் புகையோடு சேர்ந்தால் நகரத்துக் காற்று கெட்டுப்போகும். எந்த மரம் எவ்வளவு விடுகிறது என்று தெரிந்தால்தான் வீதியோரம் எதை நடலாம் என்று சொல்ல முடியும்.

சூப்பர்மார்க்கெட் கல்லாவில் ஒன்பது வருடம் இருந்துவிட்டு, முப்பத்தெட்டு வயதில் படித்துப் பெற்ற வேலை இது. அதனால் விதிகளில் அவள் கறார். வாசனை பைக்குள் கலந்துவிடும் என்று சென்ட் இல்லை, கிறீம் இல்லை, தலைக்கு எண்ணெய்கூட இல்லை. ஒப்பந்தம் ஜூலையோடு முடிகிறது என்பதுதான் கவலை. அதை நீட்டுவதும் விடுவதும் ஆய்வுக்குப் பொறுப்பான டயனாவின் கையில்.

ஜூன் கடைசியில், ஆய்வுகூடத்தில் மெசின் பார்க்கும் றஜீவ் போன் எடுத்தான்.

"அக்கா, உங்கட பேர்ச் மரம் கற்பூரம் விடுது!"

"விடிய வெள்ளனவே பகிடியோ?"

"சத்தியமா அக்கா! மெசின்ர கோடு மலை மாதிரி ஏறி நிக்குது. புதுக் கண்டுபிடிப்பெண்டு டயனா துள்ளப்போறா. உங்களுக்கு இன்னும் ரெண்டு வருசம் நிச்சயம். பார்ட்டி எங்க?"

"எந்தெந்த நாள் சாம்பிள்?"

"அஞ்சு, பன்னெண்டு, பத்தொன்பது, இருபத்தாறு."

நாலும் வெள்ளிக்கிழமை. வெள்ளி காலையில் அவள் முருகன் கோயிலுக்குப் போய், கற்பூரச் சுடரில் இரு கையையும் காட்டிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, நேரே காட்டுக்குப் போவாள். முடிச்சுப் போட வசதியில்லை என்று கையுறையையும் கழற்றிவிடுவாள். சென்ட்டுக்குப் பயந்தவளுக்குக் கற்பூரமும் ஒரு வாசனைதான் என்று ஒருநாளும் தோன்றியதில்லை.

"றஜீவ், அது மரமில்லை. நான்."

"வாயை மூடிக்கொண்டு இருங்கோவன் அக்கா. முருகன் தாறதை ஏன் வேண்டாமெண்டுறியள்?"

"ஏலாது. நாளைக்கு வேற ஆக்கள் வந்து அதே மரத்தை அளப்பினம்."

டயனாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். அடுத்த வெள்ளி, கோயிலால் வந்த கையோடு, கையுறை போடாமல், கிளையே இல்லாத வெறும் பையைக் கட்டினாள். அதிலும் கற்பூரம் ஏறி நின்றது.

"நாலு வெள்ளியும் குப்பைதான்" என்றார் டயனா. "திரும்ப அளக்க எவ்வளவு காலம் வேண்டும்?"

"மழை குழப்பாவிட்டால் எட்டுக் கிழமை."

டயனா கலண்டரைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். ஜூலைக்குள் முடியாது. புது ஆளைப் பழக்கவும் நேரமில்லை. ஒப்பந்தத்தைச் செப்டம்பர் வரை நீட்டிக் கையெழுத்துப் போட்டார்.

"மரம் விட்டிருந்தா ரெண்டு வருசம், நீங்கள் விட்டதால ரெண்டு மாசம்" என்று றஜீவ் சீண்டினான்.

"எனக்கு அது காணும். அந்தக் கையுறைப் பெட்டியை இஞ்சால எடு" என்றாள் பிரசாந்தினி.