அம்மா ஓட்டினால் மட்டும் ஏறாத சார்ஜ்

எங்கள் வீட்டுக் கார் அம்மா ஓட்டினால் மட்டும்தான் படுத்துக்கொள்ளும். அப்பா ஓட்டினால் ஒன்றும் ஆகாது. மூன்று வாரத்தில் நான்கு முறை, ஒத்தக்கடையில் அம்மா கணக்கு டீச்சராக இருக்கும் பள்ளிக்கூடத்தின் வாசலில் அது நடந்துவிட்டது. சாயங்காலம் சாவியைத் திருப்பினால் ‘டிக்’ என்று ஒரு சத்தம், அதோடு சரி. வாட்ச்மேனும் இரண்டு டீச்சர்களும் சேர்ந்து தள்ள, வீடு திரும்பும் பிள்ளைகள் வேலியோரம் நின்று பார்ப்பார்கள். காலையில் ஒன்பதாம் வகுப்பில் அதட்டிய அம்மா சாயங்காலம் அதே பிள்ளைகள் முன்னால் காரைத் தள்ளவிட்டு உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளலாம்.

கார் என்னைவிட இரண்டு வயது மூத்தது. வெள்ளை நிறம், சின்ன பெட்ரோல் வண்டி. கம்ப்யூட்டர் எதுவும் கிடையாது; எல்லாமே ஒயர். அதனால்தான் எனக்கு அதைப் பிடிக்கும். எந்த ஒயரையும் கையால் தொட்டுக்கொண்டே போனால் அது எங்கே முடிகிறது என்று கண்டுபிடித்துவிடலாம்.

இரண்டாவது தடவைக்குப் பிறகு புது பேட்டரி வாங்கிப் போட்டாயிற்று. அதுவும் ஒரே வாரத்தில் இறங்கியது. தல்லாகுளத்தில் எங்கள் தெருவுக்குப் பின்னால் கடை வைத்திருக்கும் எலக்ட்ரீஷியன் அண்ணன் மூன்று முறை பார்த்துவிட்டார். மூன்று முறையும் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் டைனமோ நன்றாக இருக்கிறது, பெல்ட் நன்றாக இருக்கிறது, பதினாலு வோல்ட் வருகிறது என்றார். வண்டியில் குறை இல்லை என்றால் மிச்சம் இருப்பது ஓட்டுகிறவர்தானே. அம்மா எதையோ அணைக்காமல் போயிருப்பார்கள் என்று அவர் சொன்னதை அப்பா பிடித்துக்கொண்டார்.

அப்பா கத்தவெல்லாம் மாட்டார். அரசு அலுவலகத்தில் முப்பது வருடம் கோப்பு எழுதியவர். முடிவை மெதுவாகச் சொல்வார். புதன்கிழமை சாப்பிடும்போது சொன்னார். தெரிந்தவர் ஒருவர் காரை விலைக்குக் கேட்கிறாராம். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து நாங்கள் வீட்டுக்கு வந்ததும் பார்க்க வருகிறாராம். அம்மா முன்னைப்போலவே பஸ்ஸில் போய்க்கொள்ளலாமாம்.

அம்மா கார் ஓட்டப் பழகியது நாற்பத்தாறு வயதில், இதே வண்டியில். பிறகு அடுப்படியில் டிபன் பாக்ஸைத் துடைத்துக்கொண்டே என்னிடம் சொன்னார்கள்.

“பஸ்ல போறது ஒண்ணும் எனக்குக் கஷ்டம் இல்லடி. ஓட்டத் தெரியாம கெடுத்துட்டேன்னு வித்தாங்கன்னா, அந்தப் பேருதான் ஊர் பூராம் நிக்கும்.”

நாகமலை புதுக்கோட்டைக்குத் தினமும் பஸ் ஏறிப்போய் பௌதிகத்தில் முதுகலை படித்துக்கொண்டிருக்கிறேன். சும்மா விட முடியுமா? எனக்குக் கோபத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம். ஓட்டுவது யார் என்று ஒரு இயந்திரத்துக்கு எப்படித் தெரியும்? அப்பாவுக்கு ஒரு மாதிரி, அம்மாவுக்கு ஒரு மாதிரி நடந்துகொள்ள டைனமோ என்ன எங்கள் சொந்தக்காரரா?

வியாழக்கிழமை வகுப்புக்கு மட்டம் போட்டேன். மல்டிமீட்டரின் இரண்டு ஒயர்களையும் சிகரெட் லைட்டர் சொருகும் துளையில் டேப் போட்டு ஒட்டி, மீட்டரை மடியில் வைத்துக்கொண்டு அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். எஞ்சின் ஓடும்போது பதினாலு காட்டினால் பேட்டரிக்குச் சார்ஜ் ஏறுகிறது என்று அர்த்தம். பன்னிரண்டரைக்குக் கீழே போனால் வண்டி பேட்டரியைத் தின்றுகொண்டிருக்கிறது.

அம்மா ஓட்டுவதை அன்றைக்குத்தான் கவனித்துப் பார்த்தேன். ஆக்சிலரேட்டரை மிதிப்பதில்லை, அதன்மேல் காலை வைத்து எடுக்கிறார்கள், அவ்வளவுதான். வண்டி நகர்ந்ததும் இரண்டாவது கியர், கொஞ்சம் ஓடியதும் மூன்று, முப்பதைத் தொடும் முன்பே நான்கு. எஞ்சின் உறுமியதே இல்லை. மாட்டுத்தாவணி சிக்னலில் மீட்டர் 12.3 என்றது. அதைத் தாண்டி 12.2. எண் சரிவதைப் பார்க்கப் பார்க்க எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. நோய் கண்ணுக்கு முன்னாலேயே நடந்துகொண்டிருக்கிறது.

உத்தங்குடிப் பக்கம் ஒரு ஷேர் ஆட்டோ கையும் காட்டாமல் ஆள் ஏற்ற நின்றது. பின்னால் மேலூர் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது. அம்மா வேறு வழியில்லாமல் மூன்றாவது கியருக்குத் தட்டி, ஓங்கி மிதித்து, ஆட்டோவைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தார்கள்.

மடியில் 14.1.

அதோடு விட்டதா என்றால் இல்லை. அம்மா மறுபடியும் பழையபடி காலை எடுத்து எடுத்து வைக்கத் தொடங்கிய பிறகும் எண் அப்படியே நின்றது. பள்ளிக்கூட வாசல்வரைக்கும் 14.1. வாசலில் எஞ்சினை அணைத்துத் திரும்பப் போடச் சொன்னேன். 12.4.

“என்னடி முழிக்கிற?”

“ஒரு தடவ ஓங்கி மிதிச்சா முழிச்சுக்கிருதும்மா. மிதிக்கலேன்னா தூங்கிட்டே வருது.”

“அப்ப என் மேலதான் தப்புங்கிற.”

“இல்ல. மிதிக்காமலே முழிக்கணும். இது முழிக்க மாட்டேங்குது.”

அம்மாவுக்கு மணி அடித்துவிட்டது. நம்பினார்களா என்று தெரியவில்லை. பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்கள். எனக்கு மட்டும் ஒரு விஷயம் புரிந்துவிட்டது. எந்தக் கடைக்குப் போனாலும் பானெட்டைத் தூக்கியதும் வரும் முதல் வார்த்தை ஒன்றுதான்: “ரேஸ் குடுங்க.” ஆக்சிலரேட்டரை அழுத்தி எஞ்சினை அலறவிடச் சொல்வது. மதுரையில் அந்தச் சத்தம் கேட்காமல் யாரும் வண்டியைப் பார்ப்பதே இல்லை. எலக்ட்ரீஷியன் அண்ணனும் மூன்று முறையும் ரேஸ் கொடுக்கச் சொல்லிவிட்டுத்தான் மீட்டரை வைத்தார். தூங்குகிறவனை உலுக்கி எழுப்பி நிறுத்திவிட்டு, இவன் முழித்துத்தானே இருக்கிறான் என்று சொல்லியிருக்கிறார். அப்பாவும் எல்லா கியரிலும் இழுத்து ஓட்டுகிறவர். எழுப்பாமல் ஓட்டியது அம்மா ஒருவர்தான்.

சரி, டைனமோவைக் காலையில் யார் எழுப்ப வேண்டும்? பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தேன்; அங்கே பழைய சர்வீஸ் புத்தகத்தின் ஜெராக்ஸ் ஒன்று வைத்திருந்தேன். அதில் ஒயர் படத்தை விரல் வைத்துத் தேடினேன். டைனமோவுக்குள் இருக்கும் காந்தம் நிரந்தரக் காந்தம் அல்ல. முதலில் வெளியிலிருந்து கொஞ்சம் மின்சாரம் கொடுத்தால்தான் அது காந்தமாகும். பிறகு தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும். அது வராவிட்டால், ஓங்கி மிதித்து வேகமாகச் சுற்றவிட்டால்தான் உள்ளே ஒட்டியிருக்கும் துளிக் காந்தம் அதை எழுப்பும். அந்த முதல் மின்சாரம் சாவியிலிருந்து கிளம்பி, நேராகப் போகாமல், மீட்டர் போர்டில் பேட்டரிப் படம் போட்ட சிவப்பு லைட்டின் பல்பு வழியாகப் போகிறது. எல்லோரும் சார்ஜ் லைட்டு என்கிறோமே, அதுதான். சார்ஜ் இல்லை என்று சொல்வதற்கு மட்டும் இருப்பதாகத்தான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். சார்ஜைத் தொடங்கி வைப்பதும் அதுதான்.

சாயங்காலம் அம்மா காரோடு வீட்டுக்கு வந்ததும் சாவியைப் பாதி திருப்பிப் பார்த்தேன். ஆயில் லைட் எரிந்தது. ஹேண்ட் பிரேக் லைட் எரிந்தது. பேட்டரி லைட் எரியவில்லை.

இதுவரை சொல்லாத ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். ஒரு மாதத்துக்கு முன்னால் அம்மாவின் பிறந்தநாளுக்கு, இருட்டில் ஸ்பீடு தெரியவில்லை என்கிறார்களே என்று மீட்டர் போர்டைக் கழற்றி, மஞ்சள் பல்புகளை எல்லாம் தூக்கிப்போட்டுவிட்டு வெள்ளை எல்இடி மாட்டினேன். யாரையும் கூப்பிடவில்லை, நானே. எல்இடிக்குத் திசை உண்டு. திருப்பிச் சொருகினால் எரியாது. ஹெட்லைட் சுவிட்சைப் போட்டு, வெளிச்சம் தரும் பல்புகளை மட்டும் சரிபார்த்தேன். சிவப்பு லைட்டுகளைப் பார்க்கத் தோன்றவே இல்லை. பேட்டரி லைட்டைத் திருப்பிச் சொருகியிருக்கிறேன்; அதன் வழியே டைனமோவுக்கு மின்சாரம் போகவே இல்லை.

முதலில் வந்தது வெட்கம் இல்லை. உண்மையாகச் சொன்னால் சந்தோஷம். இவ்வளவு அழகான ஒரு தப்பை நான் அதற்கு முன் செய்ததில்லை. வெட்கம் பத்து நிமிடம் கழித்து, நாள் பூராவும் நின்று பாடம் நடத்திவிட்டு வந்த அம்மா காலைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்தபோது வந்தது.

வெள்ளிக்கிழமை கடைக்கு ஓட்டிக்கொண்டு போனேன். அண்ணன் மீட்டர் போர்டின் பின்னால் கையை விட்டு அந்த எல்இடியை உருவி வெயிலில் பிடித்துப் பார்த்தார்.

“இது நம்ம கடையில மாட்டுனது இல்லையே. எவன் மாட்டுனது?”

“நாந்தாண்ணே.”

எல்இடியை என் உள்ளங்கையில் வைத்தார். “ஏந்தங்கச்சி, மூணு தடவ வந்து என்னன்னு பாருங்கண்ணேன்னு நின்னது அப்ப எதுக்கு? டெஸ்ட் வச்சீங்களா எனக்கு?”

தானும் ஐடிலிங்கில் வைத்து மீட்டர் பார்த்ததில்லை என்று அவரே பிறகு ஒப்புக்கொண்டார். ரேஸ் கொடுக்காமல் பார்த்தால் கை கட்டிப்போட்ட மாதிரி இருக்குமாம். திருப்பிப் போட்டாலும் எல்இடி வழியாகப் போதிய மின்சாரம் போகாது என்று ஒரு பிஸ்கட் டப்பாவைக் கவிழ்த்து, பழைய பல்புகளில் சரியான வாட் உள்ளதைத் தேடி எடுத்தார். மாட்டியதும் சாவியைத் திருப்பினேன். சிவப்பு எரிந்தது. எஞ்சினைப் போட்டேன். சிவப்பு அணைந்தது. யாரும் எதையும் மிதிக்கவில்லை. மீட்டரில் 14.2.

“இம்புட்டுத்தேனா?” என்றார் அண்ணன், கொஞ்சம் ஏமாற்றத்தோடு.

அப்பாவிடம் சொல்வதுதான் மிச்சம் இருந்தது. ராத்திரிச் சாப்பாட்டில், ஜெராக்ஸைத் தட்டுக்குப் பக்கத்தில் விரித்து வைத்து, காந்தத்திலிருந்து ஆரம்பித்தேன். அப்பா பாதியில் நிறுத்தி, சுருக்கமாகச் சொல்லச் சொன்னார். கெடுத்தது நான், அம்மா இல்லை என்றேன். அவர் படத்தையே பார்த்தார். பிறகு நான் எதிர்பார்க்காத ஒன்றைக் கேட்டார்.

“அப்ப உங்கம்மாவும் நான் ஓட்டுற மாதிரி ஓட்டியிருந்தா இந்தத் தப்பு தெரிஞ்சே இருக்காதா?”

“தெரிஞ்சிருக்காதுப்பா.”

அம்மா ரசத்தை அவர் தட்டில் ஊற்றினார்கள். கார் விற்பதைப் பற்றி அப்பா எதுவும் சொல்லவில்லை. சனிக்கிழமை பூராவும், அந்த ஆளுக்கு அவர் போன் போட்டு வேண்டாம் என்கிறாரா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு அம்மாதான் ஓட்டினார்கள். அப்பா முன்னால், நான் பின்னால். நான்காவது கியரில் ஊர்ந்துகொண்டிருந்தோம். திரும்பி வரும் வழியில் அப்பாவின் போன் அடித்தது. கார் பார்க்க வருகிறவர். வீட்டுக்கு வழி கேட்கிறார். அப்பா ஒரு நிமிடம் இருங்கள் என்று சொல்லிவிட்டு, அம்மாவைப் பார்த்தார்.

“வண்டிய ஓரமா நிறுத்து. நீயே சொல்லு.”

அம்மா இண்டிகேட்டர் போட்டு, கண்ணாடியைப் பார்த்து, மரத்தடியில் நிறுத்தினார்கள். எஞ்சினை அணைக்கவில்லை. போனை வாங்கி, வகுப்பில் அட்டென்டன்ஸ் எடுக்கும் குரலில் சொன்னார்கள்.

“சார், நான் அவுங்க வீட்டம்மா பேசுறேன். கார் குடுக்கல. நான் ஓட்டிக்கிட்டு இருக்கேன்.”