பத்தொன்பதாவது ரவுண்டும் பாக்கியம் பெரியம்மாவும்

போன சனிக்கிழமை மதியம் எனக்கு மலரும் நினைவுகள் வந்துவிட்டன.

வயது இருபத்திரண்டு. இந்த வயதில் மலர என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். இப்போதெல்லாம் அப்படித்தான். எங்கள் காலேஜில் ஃபைனல் இயர் பிள்ளைகள் ஃபர்ஸ்ட் இயர் பிள்ளைகளை உட்காரவைத்து, 'எங்க காலத்துல...' என்று ஆரம்பிக்கிறார்கள். எங்கள் காலம் என்பது நாலரை வருஷத்துக்கு முன்னால்.

ஆர்க்கிடெக்சர் கடைசி வருஷம். புதன்கிழமை தீசிஸ் ஜூரி, அதாவது வரைந்ததையெல்லாம் பரிசோதகர்கள் முன்னால் வைக்கிற கடைசிப் பரீட்சை. ஏழு ஷீட் வரைய வேண்டும், ஒரு மாடல் ஒட்ட வேண்டும், தூங்க வேண்டும் - மூன்றில் ஏதாவது இரண்டுதான் நடக்கும். இந்த நிலைமையில் பொறுப்புள்ள ஒரு மாணவி என்ன செய்வாள்?

காட்கோபருக்குப் போய் வீடியோ கேம் வாங்குவாள்.

உள்ளங்கை அளவுதான். ஸ்டேஷன் வாசலில் மொபைல் கவர் விற்கிற கடையில் தொங்கிக்கொண்டிருந்தது. டி.வி.யில் மாட்டி விளையாடிய அந்தக்காலத்து கேம் எல்லாம் இப்போது இந்தக் குட்டி டப்பாவுக்குள். நானூறு கேம் என்று அட்டையில் போட்டிருந்தது. உள்ளே பன்னிரண்டுதான் இருக்கும். மீதியெல்லாம் அதே பன்னிரண்டு, சட்டையை மட்டும் மாற்றிக்கொண்டு வரும். தெரிந்தேதான் வாங்கினேன். நினைவுகளுக்கு கியாரண்டி கேட்க முடியுமா?

வாராவாரம் நான் எழுதுகிற இந்தப் பத்தியை விடாமல் படிக்கிற பாவப்பட்டவர்களுக்கு என் பால்ய சோகம் மனப்பாடமாகியிருக்கும். எனக்கு எட்டரை வயதில் மாமா ஒரு வீடியோ கேம் வாங்கிக் கொடுத்தார். தாராவியில் ஒற்றை அறை வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கிற எங்கள் சாலிலேயே எங்கள் வீட்டில்தான் வீடியோ கேம். ஒன்றரை வருஷம் மகாராணியாக இருந்தேன். ஒரு நாள் ஸ்கூல் விட்டு வந்து பார்த்தால், டி.வி.க்குக் கீழே வெறும் தூசி. அம்மா அதைப் பழைய சாமான் எடுக்கிற பங்கார்வாலாவிடம் தூக்கிக் கொடுத்துவிட்டாள். 'பிள்ளை படிப்பு கெடுது' என்று காரணம்.

அன்றிலிருந்து சொந்தக்காரர்கள் மத்தியில் அம்மாவுக்குப் பெரிய பெயர். பிள்ளை படிப்புக்காக வீடியோ கேமையே தூக்கி எறிந்தவள்! நான் ஆர்க்கிடெக்சர் சேர்ந்ததற்கு என் மார்க்கைவிட அந்தத் தியாகத்தைத்தான் எல்லோரும் காரணமாகச் சொல்வார்கள். அம்மாவும் மறுத்ததில்லை. தலையைக் குனிந்து அடக்கமாகச் சிரிப்பாள்.

சரி, சனிக்கிழமைக்கு வருவோம்.

வீட்டுக்கு வந்து, ஷீட்டையெல்லாம் ஒரு ஓரமாகத் தள்ளிவிட்டு, டாங்கி கேமைப் போட்டேன். குட்டி டாங்கியை ஓட்டிக்கொண்டு போய், செங்கல் சுவரை உடைத்து, எதிரி டாங்கிகளைச் சுட வேண்டும். இதற்காகவா பத்து வயதில் சோறு தண்ணி இல்லாமல் அழுதேன்? மூன்றாவது ரவுண்டில் செத்தேன். மறுபடியும் மூன்றாவது ரவுண்டில் செத்தேன். ஒன்பது நிமிஷத்தில் என் பால்யம் போரடித்துவிட்டது. டப்பாவைத் தரையில் வைத்துவிட்டு மாடலுக்குச் சுவர் ஒட்ட உட்கார்ந்தேன்.

அம்மா பக்கத்தில் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, "இங்க தா, பாத்துட்டுத் தாரேன்" என்றாள். இரண்டு நிமிஷத்தில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, இது என்ன எழவு என்று கீழே வைத்துவிடுவாள் என்று நினைத்தேன்.

வைக்கவில்லை.

டொக் டொக் டொக் என்று பட்டன் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது. நான் இரண்டு சுவர் ஒட்டினேன். மூன்றாவது ஒட்டினேன். சந்தேகம் வந்து எட்டிப் பார்த்தேன்.

பதினோராவது ரவுண்டு.

போனில் என் நம்பரைத் தேடி எடுப்பதற்கே என்னைக் கூப்பிடுகிற பெண்மணி இவள். ஆனால் அந்த இரண்டு கட்டை விரலும்... எதிரி எந்த மூலையிலிருந்து வருவான் என்று அவன் வருவதற்கு முன்னாலேயே அங்கே போய்க் காத்திருந்து சுட்டாள். பதினாலு. பதினாறு. நான் ஃபெவிகால் கையோடு பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டேன். பத்தொன்பதாவது ரவுண்டில் டாங்கி வெடித்தது. அம்மா, "சே, இந்த எடத்துலதான் எப்பமும்..." என்று சொல்லிவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

எப்பமும்?

முதலில், நான் விளையாடியபோது பார்த்ததாகச் சொன்னாள். நான் ஏழாவது ரவுண்டைத் தாண்டியதே இல்லை என்றேன். பிறகு வெங்காயத்தை எடுத்துக்கொண்டு எழுந்து போகப் பார்த்தாள். விடவில்லை. கடைசியில், உரித்த வெங்காயத்தையே மறுபடி உரித்துக்கொண்டு, மெதுவாக ஆரம்பித்தாள்.

மகாராணி நான் இல்லை. அவள்தான்.

அப்பா சாயப் பட்டறைக்கும் நான் ஸ்கூலுக்கும் போன பிறகு, மதியம் தினமும் விளையாடியிருக்கிறாள். முதலில் தூசி தட்டப் போய்த் தற்செயலாக. அப்புறம் வேலையையெல்லாம் பன்னிரண்டு மணிக்குள் முடித்துவிட்டு, வேண்டுமென்றே. எனக்குத் தெரியக்கூடாது என்பதற்காக ரிமோட்டை நான் வைத்த கோணத்திலேயே திருப்பி வைப்பாளாம். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"வெக்கமா இருந்துச்சு. சின்னப்பிள்ளை சாமானம்லா? ஆனா அந்தக் கொஞ்ச நேரத்துக்கு யாருமே என்னைக் கூப்பிட மாட்டாவ, ட்டி" என்றாள்.

இந்தப் பத்தியில் நக்கலடிக்க நான் யோசித்ததே கிடையாது. அன்றைக்கு யோசித்தும் ஒன்றும் வரவில்லை.

எங்கள் சாலில் அப்போது தண்ணீர் மதியம் மூன்று மணிக்கு வந்து நாலரைக்கு நின்றுவிடும். அதற்குள் பிடித்தால் உண்டு. எங்களுக்கும் பக்கத்து வீட்டுப் பாக்கியம் பெரியம்மாவுக்கும் ஒரே லைன். பெரியம்மா சொந்தம் இல்லை. ஆனால் நான் பிறந்த அன்று, ஜூலை மழையில் முழங்கால் தண்ணியில் நடந்துபோய் டாக்சி பிடித்து அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனவர் அவர்தான். எங்கள் வீட்டில் உப்புமா என்று தெரிந்தால் நான் அவர் வீட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்திருப்பேன்.

அன்றைக்கு அம்மா பத்தொன்பதாவது ரவுண்டில் இருந்திருக்கிறாள். குழாயில் தண்ணீர் வருகிற சத்தம் கேட்டிருக்கிறது. இந்த ரவுண்டு முடியட்டும் என்று உட்கார்ந்திருக்கிறாள். செத்து, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்து... நிமிர்ந்து பார்த்தபோது குழாய் நின்றுபோயிருந்தது. வீட்டில் ஒரு குடம் கூட இல்லை.

அப்பா கை நிறைய சாயத்தோடு வந்து நின்று, ஏன் தண்ணி இல்லை என்று கேட்டிருக்கிறார். பயத்தில் அம்மா வாயில் வந்தது ஒரே பொய். "நம்ம குழாயில வரவே இல்ல."

அப்பா வெளியே போய்ப் பார்த்தார். பாக்கியம் பெரியம்மா வீட்டு டிரம் இரண்டும் விளிம்பு வரைக்கும் நிறைந்திருந்தன. ஒரே லைன், இங்கே சொட்டு இல்லை, அங்கே டிரம் நிறைய. யோசிக்க என்ன இருக்கிறது? மோட்டார் போட்டு இழுத்துவிட்டீர்கள் என்று பெரியப்பாவைப் பிடித்துக்கொண்டார். பெரியப்பா இல்லவே இல்லை என்றார். அப்பா விடவில்லை. கடைசியில் பெரியப்பா தன் இரண்டு பிள்ளைகள் தலையில் கைவைத்து, மோட்டார் கிடையாது என்று சத்தியம் செய்தார். அதற்கும் அப்பா ஒரு வார்த்தை சொன்னார். அதை எழுத முடியாது.

இந்தச் சண்டை எனக்கு நினைவிருக்கிறது. வீடியோ கேம் போனதும் அதே வாரம்தான் என்பது மட்டும் என் மகா மூளைக்கு எட்டவே இல்லை.

அதோடு பேச்சு நின்றது. ஆறு மாதத்தில் அவர்கள் தாணேக்கு வீடு மாறிப் போனார்கள். அவர்கள் பையன் கல்யாணத்துக்குப் பத்திரிகை வந்தது. அப்பா பிரிக்கவே இல்லை. அம்மா அதை எடுத்துத் தன் பட்டுச்சேலைக்கு அடியில் வைத்திருக்கிறாள்.

சொல்லி முடித்துவிட்டு அம்மா எழுந்து போய் அந்தப் பத்திரிகையை எடுத்து வந்தாள். பிறகு, தாணேக்கு எந்த ட்ரெயின் என்று கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை அப்பா சங்கத்து மீட்டிங்குக்குப் போனதும் நாங்கள் கிளம்பினோம். சென்ட்ரல் லைனில் மெகா பிளாக், தண்டவாளம் பழுதுபார்க்கிற நாள். சயான் ஸ்டேஷனில் முக்கால் மணி நேரம் நின்றோம். என் ஏழு ஷீட்டும் வீட்டில் வெள்ளையாக இருந்தன. அம்மா பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டு, அதிலிருந்த விலாசத்தை ஸ்டேஷனுக்கு ஒரு தடவை படித்துக்கொண்டு வந்தாள்.

மூன்றாவது மாடி. பெல் அடித்ததும் பெரியம்மாவே திறந்தார். தலை நரைத்திருந்தது. எங்களைப் பார்த்துவிட்டு உள்ளே போய், இரண்டு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். அந்த நேரத்தில் எனக்குச் சிரிப்பு வந்திருக்கக் கூடாது. வந்தது. அம்மா தொடையில் கிள்ளினாள்.

உள் ரூமில் பெரியப்பா டி.வி. பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா தண்ணீரைத் தொடாமல், தரையைப் பார்த்துக்கொண்டு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். கேம், குழாய்ச் சத்தம், பொய். "உங்க மேல தப்பே இல்லக்கா. தண்ணி வந்துச்சு. நான்தான் பிடிக்கல" என்றாள்.

பெரியம்மா முகத்தில் கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அவர் எழுந்து போய் உள் ரூம் கதவைச் சாத்திவிட்டு வந்தார். அம்மா காதுக்குப் பக்கத்தில் குனிந்தார்.

"மோட்டார் இருந்துச்சு, செல்வி."

டிரம்முக்குப் பின்னால், பழைய சேலையைச் சுற்றி மறைத்து வைத்திருந்தாராம். மாமியார் படுக்கையில் கிடந்த சமயம். எவ்வளவு தண்ணீர் வந்தாலும் போதாது. தெரிந்தால் சத்தம் போடுவார் என்று பெரியப்பாவிடம்கூடச் சொல்லவில்லை. அன்றைக்கும் அரை மணி நேரம் ஓட்டியிருக்கிறார். எங்கள் வீட்டுத் தண்ணீரையும் சேர்த்துத் தான்தான் உறிஞ்சிவிட்டதாக நினைத்திருக்கிறார்.

"அவரு பிள்ளைக தலையில கைய வைக்கும்போது எனக்கு ஈரக்கொலை நடுங்கிச்சு. மறு வருசமே பெரியவனுக்கு மஞ்சக்காமாலை வந்துச்சு. பொய்ச் சத்தியத்துக்குத்தான்னு நெனச்சேன். எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு உன் வீட்டு வாசலுக்கு வருவேன்?"

பன்னிரண்டு வருஷம். மகனுக்கு லேசாகக் காய்ச்சல் அடித்தாலும் அந்த மோட்டார்தான் அவருக்கு ஞாபகம் வந்திருக்கிறது. அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "தண்ணி நல்லாத்தான் வந்துச்சுக்கா, என் காதால கேட்டேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். நாலாவது தடவை சொன்னபோதுதான் பெரியம்மா அழ ஆரம்பித்தார். அம்மாவும். நான் சுவரில் மாட்டியிருந்த கல்யாண போட்டோவை ரொம்ப அக்கறையாகப் பார்த்தேன்.

அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு பெரியம்மா கேட்ட முதல் கேள்வி - "அப்படி என்னட்டி கேமு அது?"

ஆக, நடந்தது இதுதான். ஒருத்தி பொய் சொன்னாள். இன்னொருத்தி மோட்டார் போட்டாள். இது எதுவுமே தெரியாத இரண்டு ஆண்கள் முழு நேர்மையோடு சண்டை போட்டு, பன்னிரண்டு வருஷமாக அதைக் கட்டிக் காப்பாற்றி வருகிறார்கள். உண்மை தெரிந்தவர்களால் இவ்வளவு உறுதியாகச் சண்டை போட முடியுமா?

அப்போது கதவு திறந்தது. பெரியப்பா. எங்களைப் பார்த்ததும் முகம் இறுகியது. அப்பா அனுப்பினாரா என்று கேட்டார். இல்லை, அவருக்குத் தெரியாது என்றாள் அம்மா. வந்ததுதான் வந்தீர்கள், சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்றார். திரும்பப் போனவர், வாசலில் நின்று என்னைப் பார்த்தார்.

"நீயாவது கேட்டுக்க, தாயி. எங்க வீட்டுல அன்னைக்கி மோட்டார் கிடையாது."

இரண்டு பெண்களும் ஒரே நேரத்தில் தரையைப் பார்த்தார்கள். நான், "தெரியும் பெரியப்பா" என்றேன். படித்த பிள்ளை இல்லையா?

மீன் குழம்பு சாப்பிட்டோம். கிளம்பும்போது பெரியம்மா அம்மாவுக்கு ஒரு தூக்குவாளியில் குழம்பு கொடுத்தார். ஆண்களிடம் எதையும் சொல்வதில்லை என்று படிக்கட்டில் வைத்தே இருவரும் முடிவு செய்துவிட்டார்கள். இந்த வயதில் அவர்களுக்கு அதிர்ச்சி கூடாதாம். குழம்பு யார் வைத்தது என்று அப்பா அன்றைக்குக் கேட்கவில்லை. இரண்டு தடவை சோறு போட்டுக்கொண்டார்.

புதன்கிழமை ஜூரி முடிந்தது. எப்படி என்று கேட்காதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை தாணேயிலிருந்து ரயிலில் திரும்பி வரும்போது, இதைப் பத்தியில் எழுதப்போகிறேன் என்று அம்மாவிடம் சொன்னேன். பெயரையெல்லாம் மாற்றிவிடுகிறேன், ஆனாலும் அப்பா கண்டுபிடித்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்டேன். அம்மா ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "தாராளமா எழுது. உங்கப்பா என்னைக்கி உன் பத்தியப் படிச்சாவ?" என்றாள்.

அப்பா... ஒருவேளை படித்திருந்தால், இன்றைக்குச் சாப்பிட உட்காரும்போது ஒரே ஒரு தடவை இருமுங்கள். போதும்.