சமையலறையில் ஒரு பேரரசின் மொழி

‘புரட்டாசி, செவ்வாய். மழை. கடலுக்குச் சொல் கிடைத்தது: தகாலத். தந்தவர் அண்ணி.’

இந்தக் குறிப்பு என் கையெழுத்தில் இருக்கிறது. ஆண்டு எழுதவில்லை; வழக்கமாக நான் அதை விடுவதில்லை. அன்று கைபேசியில் எடுத்த படத்தில் அண்ணியின் வலது கையில் கட்டு இருக்கிறது. கேப்பைக் களி கிண்டும்போது அவள் கையைச் சுட்டுக்கொண்டது திண்டிவனத்துக்கு வந்த முதல் மழைக்காலத்தில்தான். அதை வைத்து அந்த ஆண்டின் குறிப்பு என்று வகைப்படுத்தியிருக்கிறேன்.

நான் விழுப்புரத்தில் ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துகிறேன். விட்டுவந்த கணவர் வீடு விழுப்புரத்தில், திரும்பி வந்த அம்மா வீடு திண்டிவனத்தில். தினமும் ஒன்றிலிருந்து தப்பி இன்னொன்றுக்கு வருவதுபோல ரயில் ஏறுவேன். காலையில் மயிலத்தில் உட்கார இடம் கிடைக்கும், முண்டியம்பாக்கத்தில் கரும்புப் பாகு வாசனை வரும். அந்த இடத்தில் உட்கார்ந்து கைபேசியில் ஒரு தொடர்கதை எழுதிக்கொண்டிருந்தேன். தீவுகளாலான ஒரு பேரரசு. அதற்கு வம்சாவளி, போர்களின் வரிசை, பஞ்சாங்கம் எல்லாம் செய்து வைத்திருந்தேன். மொழிதான் இல்லை. என் அரசர்கள் தமிழாசிரியர்கள்போலப் பேசினார்கள்.

அண்ணி பிலிப்பீன்ஸ்காரி. கத்தாரில் அண்ணன் ஏசி மெக்கானிக்காக இருந்த வணிக வளாகத்தில் அவள் விற்பனையாளர். கல்யாணம் ஆகி, அவளுடைய வேலை ஒப்பந்தம் முடிந்ததும் இங்கே கொண்டுவந்து விட்டுவிட்டு அண்ணன் திரும்பிப் போனான். எங்கள் தெருவில் அவளுடைய தாகலோக் மொழி தெரிந்தவர் யாரும் இல்லை. என்னிடம் உடைந்த ஆங்கிலத்திலும், அம்மாவிடம் அதைவிட உடைந்த தமிழிலும் பேசுவாள். எல்லாவற்றோடும் ‘ங்க’ சேர்ப்பாள். பூனையிடம்கூட, ‘சாப்டுங்க.’

பேரரசுக்கு மொழி வேண்டும் என்று நான் கேட்டதும் உற்சாகமானாள். ஆனால் எந்தச் சொல்லையும் அப்படியே தரமாட்டாள். மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்து, ஓர் அசையைத் திருப்பிப்போட்டோ நீட்டியோதான் தருவாள்.

“அது எங்க அம்மா வார்த்தை, சிஸ். உன் ராஜாவுக்குக் கொஞ்சம் ஒடச்சுதான் குடுப்பேன்.”

தகாலத் கடல். உலாங் மழை. அலாசின் உப்பு. உவிலா என்றால் வீடு திரும்புதல். மல்லாட்டை உடைத்துப் பருப்பு எடுத்துக்கொண்டே சொற்களைச் சேர்த்தோம். முதலில் பெயர்கள், பிறகு வினைகள், பிறகு வசைகள். பொங்கலுக்குள் எங்களால் அந்த மொழியில் முழு வாக்கியம் பேச முடிந்தது. ஒரு கட்டத்தில் கதைக்காகப் பேசுவதை விட்டுவிட்டு, வீட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தோம்.

“என்னாடி பாஷ இது, மைனா கத்தற மாதிரி?” என்பாள் அம்மா.

“கதைக்கும்மா.”

“கதைக்கு எதுக்கு என் கொழம்பப் பார்த்துக்கினே சிரிக்கிறீங்க?”

தை மாதம் அண்ணியின் அம்மா படுத்துவிட்டார். சிறுநீரகம். அண்ணிக்குத் தங்கையிடமிருந்து குரல்பதிவுகள் வரும். கேட்டுவிட்டுக் கொல்லைக்குப் போய்த் துணி துவைப்பாள், துவைத்த துணியையே. ஊருக்குப் போக வேண்டும் என்று வீடியோ அழைப்பில் அண்ணனிடம் சொன்னாள். அவன் கோபப்படவில்லை.

“லீவு கெடைக்கட்டும், ரெண்டு பேரும் சேர்ந்தே போலாம். தனியா எப்படிப் போவ? இங்க அம்மாவுக்கும் தொண வேணும் இல்ல?”

அவளுடைய பாஸ்போர்ட் பீரோவில் இருந்தது. பீரோவுக்குப் பூட்டு கிடையாது. யாரும் அவளைப் போகாதே என்று சொல்லவில்லை. லீவு மாசியில் என்றான், பிறகு பங்குனியில், பிறகு முதலாளியைக் கேட்கிறேன் என்றான். டிக்கெட் போடவேண்டியவன் அவன்தான். நான் பேசிப் பார்த்தேன். “நீ உன் வீட்டப் பத்திப் பேசு” என்றான்.

கதையில் அப்போது தோற்ற தீவின் மக்களைத் தலைநகருக்குக் கொண்டுவந்திருந்தேன். மகாராணியின் வாய்ச்சொல் இல்லாமல் அவர்கள் நகரை விட்டு வெளியேற முடியாது. நல்ல சட்டம் என்று நினைத்திருந்தேன். அண்ணி அதைக் கேட்டுவிட்டு, “அவங்க எப்ப போவாங்க?” என்றாள். இன்னும் எழுதவில்லை என்றேன்.

பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அடுப்பு மேடைக்கு முன்னால் அவள் அழுதபடி நிறையப் பேசினாள், எங்கள் மொழியில். போகாவிட்டால் அம்மாவைப் பார்க்கவே முடியாது என்றாள். இந்த வீட்டில் எல்லாரும் நல்லவர்கள், அதனால் யாரிடமும் சண்டை போடமுடியவில்லை என்றாள். நான் காய் நறுக்கினேன். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு, அண்ணியைப் பார்த்து, தெளிவாகச் சொன்னாள்:

“உவிலா.”

நான் கத்தியைக் கீழே வைத்துவிட்டு அண்ணியைப் பார்த்தேன்.

“என்னா முழிக்கிறீங்க? ஒரே அடுப்பங்கரையில ஆறு மாசமா கத்திக்கினு கெடந்தா, கேக்கறவளுக்கு மண்டையில ஏறாதா? கொழம்புல அலாசின் ஜாஸ்தின்னு சொன்னது கூடத் தெரியும்.”

அண்ணி அழுகைக்கு நடுவே, “ஸாரிங்க அம்மா” என்றாள்.

அன்றைக்கே அம்மா அண்ணனை அழைத்தாள். “டேய், அவ அம்மா சாகக் கெடக்கறா. நான் என்ன கைகால் வெளங்காதவளா, எனக்குத் தொண வைக்கறதுக்கு? ஜல்தியா டிக்கெட்டப் போடு.”

“உனக்கு யாரும்மா சொன்னது?”

“அவதான் சொன்னா. அவ பாஷையில.”

அந்த வாரமே அண்ணி கிளம்பினாள். நானும் அம்மாவும் பேருந்து நிலையம்வரை போய் ஏற்றிவிட்டோம். தாயும் மகளுமாகப் படுக்கையில் எடுத்த படம் சித்திரையில் வந்தது; தேதியைச் சரிபார்த்துப் பதிந்துகொண்டேன். அவள் இன்னும் அங்கேதான் இருக்கிறாள். தொடர்கதையை நிறுத்திவிட்டேன். மொழி நின்றதாகச் சொல்ல முடியாது. “உலாங் வருது, துணிய எடு” என்று அம்மா மாடியைக் காட்டுகிறாள். உச்சரிப்பு என்னுடையதைவிடச் சுத்தம்.

அந்தச் சமையலறையில் பேசியது அண்ணி மட்டுமல்ல. விழுப்புரத்தில் தனியாக ஓர் அறை பார்த்திருக்கிறேன், முன்பணம் கேட்டிருக்கிறார்கள், இந்த வீட்டில் எனக்கு மூச்சு முட்டுகிறது என்று நானும் அதே மொழியில், அம்மா அரிசி களைந்துகொண்டிருந்த அதே தூரத்தில், பல நாள் சொல்லியிருக்கிறேன். அண்ணிக்குச் சொன்னதுபோல அம்மா எனக்கு எதுவும் சொல்லவில்லை. நான் அறைக்குப் போகவும் இல்லை. மாலை ரயிலில் வருகிறேன், சோறு மூடி வைத்திருக்கிறாள்.

அவள் அதையும் புரிந்துகொண்டாளா, அல்லது அந்தச் சொற்கள் மட்டும் அவளுக்குப் பிடிபடவில்லையா என்பதை நான் கேட்கவில்லை. இது இன்றுவரை உறுதி செய்யப்படாத தகவல்.