கடலைத் தொடாத வழி

அரங்கனிடம் நான் கேட்டது கிடைத்தது. அதைப் பாகவதர்களிடம் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். கேட்டதற்கு மேல் அணுவளவும் கிடைக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். குறை பெருமாளுடையதன்று.

சென்ற ஆண்டு ஆடி மாதத் தொடக்கம். உள்நாட்டுப் போர் நடக்கும் சூடானின் துறைமுக நகரம் ஒன்றில், மருத்துவமனை இயந்திரங்களைப் பராமரிக்கும் வேலையில் இருந்த என் ஒரே மகன் ராகவனின் காலில் குண்டுச் சில்லு பாய்ந்தது. புண்ணில் சீழ் வைத்தது. அதற்கான ஊசி மருந்து அங்கே தீர்ந்திருந்தது. பத்து நாளுக்குள் யாராவது கொண்டுவந்தால் காப்பாற்றிவிடலாம் என்று அங்குள்ள மருத்துவர் தொலைபேசியில் சொன்னார். அன்றே தில்லைநகரில் மருந்தை வாங்கிவிட்டேன்.

திருச்சி பேருந்து நிலையத்தருகே பயண ஏற்பாட்டு அலுவலகம் வைத்திருக்கும் ஜமால் பாய், இருந்த வழிகளை விளக்கினார். தலைநகர் விமான நிலையம் மூடிக் கிடக்கிறது. பக்கத்து நாட்டிலிருந்து சாலை வழியாகப் போனால் உயிருக்கு உத்தரவாதமில்லை. ராகவன் இருந்த ஊருக்கு விமானம் ஒரு நாள் போகும், ஒரு வாரம் போகாது. கப்பல் மட்டும் ஒழுங்காக ஓடுகிறது.

"ஷார்ஜா போய் ஜித்தாவுல இறங்குங்க சார். அங்கேருந்து கப்பல். நாளைக்கே கிளம்பலாம்."

எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. பெருமாள் திருமுன் பிரபந்தம் சேவிக்கும் கோஷ்டியில் நிற்பவர் கடல் கடப்பதில்லை. கடந்தவர் அந்த இடத்தில் நிற்பதில்லை. நாற்பது ஆண்டுகள் நான் நின்ற இடம் அது. தன்னை வந்து பார்க்கும்படி ராகவன் எத்தனையோ முறை அழைத்தும் நான் போகாததற்கு அதுவே காரணம்.

"விமானத்துக்கே பாருங்கோ" என்றேன்.

"பிளேனும் கடலுக்கு மேலதானே சார் போகுது?"

"மேல பறக்கறது வேற பாய். தண்ணியில மிதந்து கடக்கறது வேற."

ஜமால் பாய் கணினியைத் தன் பக்கம் திருப்பினார். "நீங்க படிச்சவங்க" என்றார். அவ்வளவுதான். முப்பது ஆண்டுகள் கல்லூரியில் தர்க்கம் கற்பித்தவன் நான். என் வாதத்தில் ஓட்டை தெரியவில்லை.

ஒன்பது நாள் காத்திருந்தேன். ஒவ்வொரு விடியலிலும் சந்நிதியில் நின்று, அந்த ஊருக்கு விமானம் பறக்க வேண்டும் என்று பிரார்த்தித்தேன். இருமுறை டிக்கெட் போட்டோம். இருமுறையும் ரத்தானது. தொலைபேசியில் ராகவனின் பேச்சு நாளுக்கு நாள் சுருங்கி, ஒன்பதாம் நாள் மூச்சு மட்டும் கேட்டது.

என் மனைவி ஜானகி அன்று அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள்.

"உங்க இடம் பத்திரமா இருக்கட்டும். நான் போறேன். நேக்குக் கோஷ்டியும் இல்லை, தர்க்கமும் தெரியாது. கப்பல் எங்கே நிக்கறதுன்னு மட்டும் அந்த பாய்கிட்ட கேட்டுச் சொல்லுங்கோ."

மறுநாள் நான் கிளம்பினேன். ஜித்தாவில் கப்பலுக்கு இரண்டு நாள் நிற்க நேர்ந்தது. கப்பலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, முதன்முறையாக வாதமின்றிக் கேட்டேன்: அவனை உயிரோடு பார்த்தால் போதும். அலை தெறித்து முகத்தில் உப்புக் கரித்தது. துடைத்துக்கொள்ளவில்லை.

உயிரோடு பார்த்தேன். நான்கு மணி நேரம்.

"எப்படிப்பா வந்தேள்?"

"கப்பல்ல."

அவன் உதடு சிரிக்கப் பார்த்தது. "அச்சச்சோ. உங்க இடம் போயிடுத்தே."

"போகட்டும்டா."

"இதை முன்னாடியே சொல்லியிருந்தா, பொங்கலுக்கு ஒரு தடவை வந்திருப்பேள்" என்றான். என் கையைப் பிடித்தபடி கண்ணை மூடிக்கொண்டான். பிறகு பேசவில்லை. இந்த மருந்து ஐந்து நாள் முன்னால் வந்திருந்தால், என்று தொடங்கிய மருத்துவர் வாக்கியத்தை முடிக்கவில்லை. நான் கொண்டுபோன மருந்தைப் பக்கத்துக் கட்டிலில் கிடந்த ஓர் இளைஞனுக்குப் போட்டார்கள். அவன் நடக்கிறான் என்று பின்னர் செய்தி வந்தது.

அஸ்தியைக் காவிரியில், அம்மா மண்டபப் படித்துறையில் கரைத்தேன். கோஷ்டியிலிருந்து யாரும் என்னை விலக்கவில்லை, நானே விலகினேன். இப்போது இலவச தரிசன வரிசையில் சமயபுரம் போய்வரும் யாத்திரிகர்களோடு நிற்கிறேன். பாசுரங்களை வாய்க்குள் சொல்லிக்கொள்கிறேன்.

ஒன்பது நாள் பெருமாள் பேசாதிருந்தார் என்றே எண்ணியிருந்தேன். அவர் பதில் முதல் நாளே ஜமால் பாயின் மேசையில் இருந்தது. நான்தான் வேறு பதில் கேட்டேன். பிறகு மனமுருகிக் கேட்டபோதும் 'பார்த்தால் போதும்' என்று நானே அளவு வைத்தேன். அந்த நான்கு மணி நேரத்துக்கு நான் நன்றியுள்ளவன். அது இல்லாதிருந்தால் இன்று சந்நிதிக்கு வந்திருக்க மாட்டேன்.

நம்புங்கள். நம்பிக் கேளுங்கள். அளவு வைக்காதீர்கள். வழி திறந்தால், அது உங்களுக்குப் பிடித்த வழிதானா என்று ஆராய்ந்துகொண்டு நிற்காதீர்கள். உங்களுக்காக ஒருவர் அங்கே மூச்சை எண்ணிக்கொண்டிருக்கலாம்.